கூடுதா, குறையுதா: வேலி தாண்டிய ஒரு நிழல்

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் நான். சிரிக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த அன்று கொடுத்த கடிதத்தில் ‘பணி நிறைவு’ என்றுதான் போட்டிருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். இனிமேல் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி வாழ்த்தினார்கள். ஓய்வூதியம் ஒன்றுதான் இல்லை. மற்றபடி எல்லாம் கிடைத்திருப்பதால், அனுபவக் கட்டுரை எழுதும் உரிமையும் எனக்கு உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

எழுதத் தூண்டியது என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். போன வாரம் பதறிப்போய் போன் பண்ணினாள்.

“அக்கா, கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணு போட்டிருக்காக. விபத்து விவரத்தை ஏத்துனா அதுவா அம்புக்குறி காட்டும். கூடுனா சிவப்பு, கொறஞ்சா பச்சை. இன்னைக்கு ரெண்டும் காட்டாம சுத்திக்கிட்டே இருக்கு. சார்ட்ட என்னன்னு சொல்ல?”

“சுத்துறதுதான் சரியான பதிலு. அப்படியே விடு.”

“சார் வைவாருக்கா.”

“அப்ப, யாரு கேக்காகன்னு மொதல்ல விசாரி. அதுக்கப்புறம் கூடுதா குறையுதான்னு பாத்துக்கலாம்.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரிய ஒரு வேப்பமரம் தேவைப்பட்டது.

விருதுநகரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது எங்கள் தகவல் மையம். பட்டாசுத் தொழிலில் நடக்கும் விபத்துகளை வகை பிரித்து, எண்ணி, மேலே அனுப்புவது வேலை. மையம் அரசுடையதா, முதலாளிகளுடையதா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. சம்பளம் தாமதமாகும் மாதங்களில் அரசுடையது போலத் தெரியும். தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாக வெடி வந்து இறங்கும்போது முதலாளிகளுடையது போலத் தெரியும். நான் புள்ளியியலில் முதுகலை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமெல்லாம் வெடிவிபத்து கூடுகிறதா குறைகிறதா என்பதை முதல் ஆறு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டு, அதற்கப்புறம் என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டே வேலைக்குச் சேர்ந்தேன். அம்புட்டு ஆர்வம்.

மையத்தின் தலைவர் சங்கரபாண்டியன் சார். வேறொரு துறையில் ஒருமுறை முறைப்படி ஓய்வு பெற்று, அது சரிப்படாமல் இங்கே வந்தவர். மேஜை இழுப்பறையில் சாத்தூர்ச் சேவு எப்போதும் இருக்கும். யோசிக்க வேண்டிய கேள்வி வந்தால் ஒரு சேவை எடுத்து வாயில் போட்டு, அது கரையும் வரை பேச மாட்டார். கடினமான கேள்விக்கு ரெண்டு சேவு. குரலை உயர்த்தியதே இல்லை. ‘வெடித்தது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். ‘நிகழ்ந்தது’ என்பார். “அந்தக் கம்பெனியில நேத்து நிகழ்ந்துருச்சாம்மா” என்று அவர் சொன்னால், ஏதோ கல்யாணம் நிகழ்ந்ததுபோல இருக்கும்.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்த வகைபிரிப்பு முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். எந்த வகுப்பிலும் இது இல்லை.

முதல் கேள்வி, தீயா வெடியா. முதலில் தீப்பிடித்து அப்புறம் வெடித்தால் அது தீ விபத்து. தீ விபத்துகளை வேறொரு அலுவலகம் எண்ணிக்கொள்ளும். முதலில் வெடித்து அப்புறம் தீப்பிடித்தால்தான் அது நமக்கு. ஆகவே பிழைத்தவர்களிடம் சார் கேட்கும் முதல் கேள்வி, “மொதல்ல சத்தமா, வெளிச்சமா?”

அடுத்து, எங்கே. உரிமம் உள்ள கம்பெனியின் வரைபடத்துக்குள் நடந்தால் கம்பெனி விபத்து. வீட்டில் வைத்துத் திரி ஏற்றும்போது நடந்தால் குடும்ப விபத்து. அது சமையல் சிலிண்டரோடு போய்ச் சேரும். கருவேலங்காட்டுக்குள் தகரக் கொட்டகையில் நடந்தால், அப்படியொரு கொட்டகைக்கே உரிமம் இல்லை என்பதால், நடந்ததாகவே எழுத இடமில்லை.

கடைசியாக, பெரிதா சிறிதா. சம்பவ இடத்திலேயே இத்தனை பேர் போனால்தான் ‘பெரும் நிகழ்வு’. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்து இறந்தவர்கள் அந்த எண்ணில் வர மாட்டார்கள். நல்ல ஆம்புலன்ஸ் ஓடும் ஆண்டுகளில் எங்கள் பெரும் நிகழ்வுகள் குறைந்துவிடும். செத்தவர்கள் குறைந்ததாக அர்த்தமில்லை.

இதோடு செல்போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னெல்லாம் காட்டுக்குள் ஒரு அறை இடிந்தால் பக்கத்து ஊருக்குச் சத்தம் மட்டும்தான் போகும். இப்போது புகை எழும்பி முடிவதற்குள் வீடியோ மதுரைக்குப் போய்விடுகிறது. கூடியது விபத்தா, வீடியோவா? நேர்மையாக எனக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் ஒரு கம்பெனி முழுக்கப் போன ஆண்டு மோசமா, மாதம் ஒரு அறை என்று போன ஆண்டு மோசமா? அதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் ஒரு குறிப்பாக எழுதி சாரிடம் கொடுத்தேன். ஒரு சேவு கரைந்தது.

“நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா கூடுதா குறையுதான்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?”

தெரிந்துகொள்ளும் வழியை அவரே சீக்கிரம் காட்டினார். ஒருநாள் காலையில் பத்திரிகைக்குப் போகும் குறிப்பைத் தட்டச்சு செய்தேன்: விபத்துகள் தொடர்ந்து குறைந்துவருகின்றன. மத்தியானம் மேலிடத்துக்குப் போகும் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன்: விபத்துகள் கவலையளிக்கும் வகையில் கூடிவருவதால், சம்பவ இடங்களுக்கு விரைந்து செல்ல மையத்துக்கு ஒரு ஜீப் வேண்டும். ரெண்டு தாளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“சார், ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்.”

“ரெண்டுமே உண்மைதாம்மா. பத்திரிகைக் குறிப்பு, ரொம்ப மோசமா நிகழ்ந்துச்சுல்ல ஒரு வருஷம், அதுல இருந்து பாக்குது. ஜீப்புக் கடுதாசி, கொரோனாவுல கம்பெனி பூராம் பூட்டிக் கெடந்துச்சே, அதுல இருந்து பாக்குது. மொட்டை மாடியில நின்னு பாத்தா தெரு கீழ தெரியும். கெணத்துக்குள்ள நின்னு பாத்தா மேல தெரியும். தெரு நகரவா செஞ்சுச்சு?”

பத்திரிகைக்காரர்கள் குறைந்ததை நம்பினார்கள். மேலிடம் கூடியதை நம்பவில்லை. ‘போதிய உயர்வு காட்டப்படவில்லை’ என்று கடிதம் திரும்பி வந்தது. ஜீப் இல்லை. நாங்கள் வழக்கம்போல பஸ்ஸில் ஏறி விபத்துகளுக்கு விரைந்தோம்.

வேப்பமரம் வந்தது அதற்கு அடுத்த சீசனில்.

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கம்பெனி. தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘நிகழ்ந்தது’. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அறைகள் ஒன்றுக்கும் சேதமில்லை. வெடித்தது மரத்தடியில்.

அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இது வழக்கம். அறைக்கு நாலு பேர்தான் என்பது விதி. தகரக் கூரைக்குக் கீழே அந்த நாலு பேருமே வெந்துபோவார்கள். அதனால் சரவெடி பின்னும் பெண்கள் சரக்கைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். காற்று வரும், பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும், கை வேகமாக ஓடும். பின்னிய சரத்துக்குத்தான் கூலி. போர்மேனும் கண்டுகொள்ள மாட்டார், லோடு ஏறினால் சரி.

இந்த மரம் கம்பெனியின் கிழக்கு வேலியை ஒட்டி, உள்பக்கமாக நின்றது. காலையில் நிழல் மேற்கே, கம்பெனிக்குள் விழும். மத்தியானம் சாய்ந்தால் நிழல் முள்கம்பி வேலியைத் தாண்டிக் கிழக்கே கரிசல் காட்டில் விழும். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. பெண்கள் காலையில் உள்ளே உட்கார்ந்து பின்னுவார்கள். சாப்பிட்டுவிட்டு, நிழலின் பின்னாலேயே சந்து வழியாக வெளியே போய் உட்கார்ந்து பின்னுவார்கள்.

அன்றைக்கு அங்கே இருந்தது ரெண்டு பேர். பேச்சியம்மா இறந்துபோனார். முத்துமாரிக்கு ரெண்டு கையும் வெந்து, ஆஸ்பத்திரியில் இருந்தார்.

போர்மேன் தயாராக நின்றார். “அய்யா, கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அவுக ஆடு மேய்க்க வந்தவுக. நெழலுக்கு ஒதுங்கியிருக்காக. எவனோ குப்பையில போட்ட பழைய வெடி கெடந்திருக்கு.”

“எம்புட்டு ஆடு?” என்றார் சார்.

போர்மேன் இதை எதிர்பார்க்கவில்லை. “ஒரு… ஏழெட்டு இருக்கும்ங்க.”

“எங்க?”

“சத்தத்துக்கு ஓடிப்போச்சுங்க.”

சார் தலையை ஆட்டினார். நான் சுற்றிப் பார்த்தேன். ஆட்டுப்புழுக்கை ஒன்றுகூட இல்லை. பாதி பின்னிய சரம் கருகிக் கிடந்தது, ஒற்றைச் செருப்பு கிடந்தது, ஒரு தூக்குச்சட்டி மூடி கிடந்தது. சாரிடம் சரத்தைக் காட்டினேன்.

“ஆடு சரம் பின்னுமா சார்?”

“அவசரப்படாத. நெழல் எங்கன விழுதுன்னு பாரு.”

நிழல் வேலிக்கு வெளியே, கருகிய இடத்தின்மேல் சரியாக விழுந்துகொண்டிருந்தது. “வரைபடத்துக்கு வெளிய” என்றார் சார், கொஞ்சம் நிம்மதியாக.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முத்துமாரி நாற்பது வயதை நெருங்கும் மெலிந்த பெண். முழங்கை வரை கட்டு. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சார் வழக்கமான கேள்வியில் ஆரம்பித்தார்.

“ஏம்மா, மொதல்ல சத்தமா, வெளிச்சமா?”

“மொதல்ல பேச்சியம்மா சிரிப்பாணியா ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தா அய்யா. அவ மாமியா கதை. அத முடிக்கல.”

 சார் ‘தெளிவில்லை’ என்று எழுதினார்.

“ஆடு மேய்க்கப் போனீகளாமே?”

முத்துமாரி வலியிலும் சிரித்துவிட்டார். “ஆடா? எங்க வீட்டுல கோழிக்கே வழியில்ல. யாரு, போர்மேன் சொன்னாகளா? நேத்து காலைல ‘ஏ முத்து, சரம் எம்புட்டு ஆச்சு’ன்னு அவுகதான கேட்டாக. அவுக ஆட்டுக்கிட்டயா கேட்டாக?”

சார் வராந்தாவுக்குப் போனதும் டாக்டர் என்னிடம் சொன்னார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிப் பிரித்தால் கை ஓரளவு தேறும். விட்டால் மடங்கியபடியே இறுகிவிடும். கம்பெனித் தொழிலாளி என்றால் ஆபரேஷனையும், கை தேறும்வரை வீட்டுச் செலவையும் காப்பீடு பார்த்துக்கொள்ளும். ஆடு மேய்த்தவர் என்றால் ஒன்றும் கிடையாது. காப்பீட்டுக்காரர்கள் எங்கள் மையத்தின் வகைபிரிப்பைத்தான் கேட்பார்கள். ஆக, கம்பெனி விபத்து என்று நாங்கள் எழுதினால் முத்துமாரிக்கு விரல் உண்டு.

கிளம்பும்போது முத்துமாரி என்னைக் கூப்பிட்டார். “தாயி, என்னைய எதுல எழுதப் போறீக?”

“தொழிலாளின்னுதான்க்கா.”

“அய்யா மூஞ்சி அப்பிடிச் சொல்லலியே.”

அய்யா மூஞ்சி சொன்னது சரிதான். அலுவலகத்தில் அவரோடு நான் சண்டையே போட்டேன்.

“சார், மரத்தோட தூரு கம்பெனிக்குள்ள இருக்கு.”

“வெடிச்சது…” என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டார். “நிகழ்ந்தது மரத்துலயா? நெழல்ல. நெழலு வெளிய.”

“காலையில உள்ள இருந்தவுகளே மத்தியானம் வெளிய இருந்தாக சார். காலையில தொழிலாளி, மத்தியானம் ஆடு மேய்க்கிறவுகளா?”

“ஏம்மா, உனக்குப் புரியல. இந்த வருஷமும் போன வருஷமும் இப்ப சமமா நிக்குது. இது ஒண்ணு சேந்தா கூடிரும். அடுத்த மாசம் சென்னையில கேப்பாக. ஏன் கூடுச்சுன்னு நான் என்னத்தைச் சொல்ல?”

“இவ்வளவு சின்ன எண்ணிக்கையில ஒண்ணு கூடுறதும் குறையுறதும் ஒரு அர்த்தமும் இல்ல சார். எங்கனயோ ஒரு பீடி அணைஞ்சிருந்தாக்கூட ஒண்ணு கொறஞ்சிருக்கும்.”

“அதை அவுககிட்ட நீயே சொல்லு.” இழுப்பறையை மூடிவிட்டார். சேவு எடுக்கவே இல்லை. அதாவது, யோசிக்கவே ஒன்றும் இல்லை.

நாட்கள் ஓடின. டாக்டருக்குப் போன் பண்ணினால், “இன்னும் தள்ளிப்போட முடியாதும்மா” என்றார். கம்பெனியிலிருந்து ஆள் வந்து போனது. போர்மேனின் ஆடுகள் ஏழெட்டிலிருந்து பத்தாகக் கூடியிருந்தன. அந்தப் பகுதியில் நிச்சயமாகக் கூடிவந்தது அது ஒன்றுதான்.

நியாயம், கருணை, புள்ளியியல் மூன்றும் சாரிடம் எடுபடவில்லை. சார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே சாரிடம் காட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒருநாள் காலை அவர் மேஜையில் திரும்பி வந்த ஜீப் கடிதத்தை மட்டும் கொண்டுபோய் வைத்தேன். 

“என்னம்மா இது?”

“போதிய உயர்வு காட்டப்படலைன்னு திருப்பி அனுப்புனாகளே சார். இந்த மாசம் மறுபடியும் அனுப்பலாமாம், விசாரிச்சேன். ஆனா சமமா நிக்கிறதுனால என்னத்தை எழுதன்னு தெரியல. ஒண்ணே ஒண்ணு கூடியிருந்தாக்கூட எழுதிரலாம்.”

சார் என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார். ஒரு சேவு. ரெண்டு. மூன்றாவதையும் எடுத்தார். அப்படி ஒரு யோசனையை நான் பார்த்ததே இல்லை. 

“அந்த மரம் யாருக்குச் சொந்தம்?”

“கம்பெனிக்கு சார்.”

“நெழலு?”

“மரத்துக்கு சார்.”

“அப்ப நெழல்ல உக்காந்திருந்தவுக?”

 அவரே முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“கம்பெனிக்கு. எழுதும்மா: ‘உரிமம் பெற்ற வளாகத்தின் மரத்தால் வழங்கப்பட்ட நிழற்பரப்பில், பணியின்போது நிகழ்ந்தது.’ பேச்சியம்மா, முத்துமாரி ரெண்டு பேரும் தொழிலாளி. ஆட்டை எடுத்துரு.”

அந்த வாக்கியம் நான் என் கையால் தட்டச்சு செய்ததிலேயே அழகானது. ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினேன். அந்த வாரமே முத்துமாரிக்கு ஆபரேஷன் நடந்தது. வலது கையில் மூன்று விரல் பிரிந்தது, இடது கையில் எல்லாமே. பேச்சியம்மா வீட்டுக்கும் சேர வேண்டியது சேர்ந்தது. எங்கள் மாவட்டத்தில் அந்த ஆண்டு விபத்து கூடியது.

கூடியதன் விளைவுகள் வரிசையாக வந்தன. தொலைக்காட்சியில் ‘ஏன் இந்த உயர்வு’ என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். ஒருவர் சீன வெடியைச் சொன்னார், ஒருவர் வெயிலைச் சொன்னார், ஒருவர் இளைஞர்களின் ஒழுக்கத்தைச் சொன்னார். வேப்பமரத்தை யாரும் சொல்லவில்லை. ஜீப் வந்தது. டிரைவர் வரவில்லை. அதற்கு இன்னொரு உயர்வு காட்ட வேண்டுமாம். நாங்கள் ஜீப்பைத் துடைத்து வைத்துவிட்டு பஸ்ஸில் போய்வந்தோம். மேலே யாரோ, “இந்தக் கணக்கைப் போட்டது யாரு?” என்று கேட்டிருக்கிறார்கள். என் ஒப்பந்தம் அந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. பொன்னாடை, வாழ்த்து எல்லாம் அப்போது கிடைத்ததுதான்.

கம்பெனி விபத்து என்று ஆகிவிட்டால், மறுபடி நிகழாமல் இருக்க மையம் ஒரு பரிந்துரை செய்தே ஆக வேண்டும். ஓய்வுக்கு முன் நான் தட்டச்சு செய்த கடைசித் தாள் அதுதான்: ‘மேற்படி நிகழ்வுக்குக் காரணமான மரத்தை உடனடியாக அகற்ற வேண்டும்.’

“சார், மரத்தை வெட்டுனா அவுக எங்கன உக்காருவாக?”

“அது நம்ம தலைப்புல வராதும்மா.”

வெட்டிவிட்டார்கள். மறு ஆண்டு அறிக்கையில் மரத்தடி விபத்துகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக சார் தனிப் பத்தியே எழுதியிருந்தார். யாருக்கும் சந்தேகம் வர முடியாத குறைவு. எந்த ஆண்டிலிருந்து பார்த்தாலும் குறைவுதான்.

புதிய பெண்ணின் போன் வந்த பிறகு, ஒரு நடை சாத்தூர்ப் பக்கம் போய் முத்துமாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். வேலை விட்டுத் திரும்பி, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அதே கம்பெனிதான். வேறு எங்கே போவார்? கையைக் காட்டினார். பழைய வேகம் இல்லை, ஆனால் பின்ன வருகிறது.

“நல்லா இருக்கீகளாக்கா? இப்ப எங்கன உக்காருதீக?”

“ரூமுக்குள்ளதான் தாயி. மரம்தான் இல்லையே.”

“நாலு பேருதான உக்காரணும்?”

“பத்துப் பேரு இருக்கோம். சரக்கும் உள்ளயேதான் இருக்கு. அனலு தாங்கல, சேலைத் தலைப்பைப் பிழிஞ்சு பிழிஞ்சு தொடச்சுக்கிடுதோம். ஆபீசர் யாராச்சும் வந்தாகன்னா ஆறு பேரு கக்கூசுப் பக்கம் போயி நிப்போம்.”

நானோ ஓய்வு பெற்றவள். சொல்லி எழுத எனக்கு ஒரு தலைப்புகூட இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே என் தோளைத் தட்டினார்.

“என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதீக? ஒரு விதத்துல நல்லதுதான். முன்ன மாதிரி உள்ளயா வெளியயான்னு யாரும் நெழல அளக்க வேண்டாம். இனி வெடிச்சா, பத்துப் பேரும் நேரா கணக்குல ஏறிருவோம்.”

பஸ் வந்தது. முத்துமாரி மூன்று விரலால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.